தானாக நிற்கும் விமானம்

மெல்போர்ன்
12 பிப்ரவரி 2006

மச்சானுக்கு ஜெய்னப் ஸலாம் சொல்லி எழுதுவது.

நான் நலம், ஃபரா நலம், குழந்தை நலம் என்பதையெல்லாம் வெள்ளிக்கிழமை ஃபோனிலேயே சொல்லிவிட்டேன். ஃபோனில் சொல்ல முடியாததற்காக இந்தக் கடிதம். ஃபோனில் நான் ஏதாவது கேட்டால் பேசாமல் இருந்துவிட்டு, ‘லைன் சரியில்லை’ என்கிறீர்கள். தாம்பரம் டெலிஃபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருடம் ஹெட்செட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவளிடம் லைன் சரியில்லை என்று சொல்லும் தைரியம் உங்களுக்குத்தான் வரும்.

விஷயம் இதுதான். என் விசா ஜூலையில் முடிகிறது. உங்கள் மகள் ஃபரா என்னை இன்னும் ஆறு மாதம் இருக்கச் சொல்கிறாள். அவள் வேலைக்குத் திரும்பினால் குழந்தையைப் பார்க்க ஆள் வேண்டும். ஒரு படிவம் இருக்கிறது, மே மாதக் கடைசிக்குள் கொடுத்தால் போதுமாம். நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. இந்த வீட்டில் நான் கூப்பிட்டால் ‘இதோ மாமி’ என்று மாப்பிள்ளை சாஜித்தின் குரலாவது வருகிறது. அது எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

நவம்பரில் அந்த மழை நாள் உங்களுக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்கவில்லை. மார்க்கெட்டிலிருந்து வருகிறேன். கிரில் கேட் உள்பக்கம் பூட்டியிருக்கிறது. கரண்ட் இல்லை, அதனால் வாசல் மணி அடிக்கவில்லை. உங்கள் கம்ப்யூட்டருக்கு மட்டும் இன்வெர்ட்டர் உண்டு. காதில் ஹெட்ஃபோன், கண்ணெதிரே அந்த விமான விளையாட்டின் சிங்கப்பூர் ஓடுபாதை. நாற்பது நிமிடம் நின்றேன். மீன்கார அஞ்சம்மாள் அந்த வழியாக வந்தவள் எனக்காகத் தொண்டையைத் திறந்தாள். “இன்னா சார், அம்மா மழையில நனைஞ்சிகினு நிக்குது, நீ உள்ள இன்னா பண்ணிகினு கீற?” எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. நம் கதவு திறக்கவில்லை.

கடைசியில் வந்து பூட்டைத் திறந்தீர்கள். முதல் வார்த்தை, “நீ எப்ப வந்தே?” இரண்டாவது, “பறக்குற விமானத்தை நடுவுல நிறுத்த முடியாது ஜெய்னப்.” உள்ளே முந்நூறு பேர் இருந்தார்களாம்.

அன்று நான் ஈரப் புடவையை மாற்றிக்கொண்டு சமையலுக்குப் போய்விட்டேன். ஜனவரியில் ஃபராவின் பிரசவம் என்று புறப்பட்டு வந்துவிட்டேன். ஆனால் படிவத்தைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அந்த நாற்பது நிமிடம்தான் ஞாபகம் வருகிறது.

பதில் எழுதுங்கள். உதாரணம் சொல்லாமல் எழுத முடிகிறதா என்று பாருங்கள்.

ஜெய்னப்


கிழக்குத் தாம்பரம்
27 பிப்ரவரி 2006

அன்புள்ள ஜெய்னப்,

வ அலைக்கும் ஸலாம். கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உதாரணம் இல்லாமல் எழுதத்தான் உட்கார்ந்தேன். முப்பத்து நான்கு வருடம் பூகோள வாத்தியாராக இருந்தவனுக்கு அது முடியுமா? ஆரஞ்சுப் பழத்தைக் காட்டாமல் பூமி உருண்டை என்று நான் யாருக்கும் சொன்னதில்லை. ஒன்றே ஒன்றுக்கு அனுமதி கொடு.

நல்ல செய்தி இருக்கிறது. விமானப்படைத் தளத்தில் இன்ஜின் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற ஜெயவேலுவை உனக்குத் தெரியும், காலையில் என்னோடு நடக்க வருபவர். போன வாரம் வீட்டுக்கு வந்து நான் விமானம் ஓட்டுவதைப் பார்த்தார். காலை ஒன்பதிலிருந்து நான் நாற்காலியை விட்டு எழவில்லை என்றதும் சிரித்துவிட்டார். “இன்னா சார் இது, நிஜ பைலட்டே நடுவுல எழுந்து காபி குடிப்பான். இங்க பாருங்க, இந்தக் கட்டத்துல ஒரு டிக் போட்டா போதும். எறங்க வேண்டிய எடம் வந்ததும் அதுவா நின்னுக்கும். நீங்க நிம்மதியா சாப்ட்டு வாங்க சார்” என்றார்.

அது என்னவென்று சொல்கிறேன். விமானம் மேலே ஏறியபின் பல மணி நேரம் நேராகப் போகும். அதைத் தானியங்கி பார்த்துக்கொள்ளும். ஆனால் ஊர் நெருங்கியதும் இறக்கத்தைத் தொடங்கிவைக்க ஆள் வேண்டும். ஆள் இல்லாவிட்டால் அது இறங்காது. ஊரைத் தாண்டி, எண்ணெய் தீரும்வரை போய்க்கொண்டே இருக்கும். அந்தப் பயத்தில்தான் நான் எழுவதே இல்லை. இப்போது அந்தக் கட்டத்தில் டிக் போட்டுவிட்டால், இறக்கம் தொடங்கும் இடத்தில் எல்லாம் அப்படியே நின்றுவிடுகிறது. கடற்கரை ஸ்டேஷனிலிருந்து வரும் மின்சார ரயிலைத் தாம்பரத்துக்குள் நுழையும் முன் சிக்னலில் நிறுத்திவைப்பார்கள் இல்லையா, அது போல. பிளாட்ஃபாரம் காலியாகும்வரை ரயில் பொறுமையாக நிற்கும். நான் வந்து உட்காரும்வரை விமானம் நிற்கிறது.

நேற்று ஃபிராங்க்ஃபர்ட்டுக்குப் போனேன். நடுவில் துணி துவைத்தேன், லுஹர் தொழுதேன், ரேஷன் கடைக்குப் போய்வந்தேன். திரும்பி வந்து பார்த்தால் அது ஜெர்மனிக்கு மேலே எனக்காகக் காத்திருந்தது. அதனால் நவம்பரில் நடந்தது இனி நடக்காது.

படிவத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லக்கூடாது. ஃபராவுக்கும் உதவி வேண்டும். ஆனால் காலண்டரில் ஜூலைப் பக்கத்தை ஒருமுறை எடுத்துப் பார்த்தேன் என்பதை மறைக்கவில்லை.

அத்தாவுல்லா


மெல்போர்ன்
14 மார்ச் 2006

மச்சானுக்கு,

ஸலாம். உங்கள் ரயில் நன்றாக நிற்கிறது. அதில் ஒரு கேள்வி. அந்த ரயில் யாருக்காக நிற்கிறது? பிளாட்ஃபாரத்துக்காக. சானடோரியம் ஸ்டேஷனைத் தாண்டி நடுவழியில் யாராவது கையை ஆட்டினால் நிற்குமா?

உங்கள் விமானம் நிற்க வேண்டிய இடத்தை விமானமே முடிவு செய்கிறது. நான் வாசலில் நிற்கும்போது அது இந்தியப் பெருங்கடலுக்கு நடுவில் இருந்தால் எனக்காக நிற்குமா? நிற்காது. இறக்கம் வரட்டும் என்று போய்க்கொண்டிருக்கும். மச்சான், இந்த வசதியை நீங்கள் எனக்காக வைக்கவில்லை, விமானம் தொலைந்துவிடக்கூடாது என்று வைத்திருக்கிறீர்கள்.

எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் நாட்களில் பத்து நிமிடம், இருபது நிமிடம் ஆட்களைக் காத்திருக்க வைத்தவள் நான். நானும் ஒரு உதாரணம் சொல்கிறேன். காத்திருப்பவருக்கு லைன் உடனே கிடைக்காவிட்டாலும் கோபம் வராது. நிமிடத்துக்கு ஒருமுறை லைனில் வந்து, ‘இருக்கீங்களா சார், பார்த்துக்கிட்டிருக்கேன்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தை இல்லாவிட்டால்தான் ஆள் வெடிப்பார்.

இன்னொன்று. உங்கள் கடிதத்தைப் பற்றி சாஜித்திடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் ஆச்சரியப்பட்டார். “மாமி, அதுக்கு எதுக்கு டிக் எல்லாம்? P-ன்னு ஒரு பொத்தான் இருக்கே. எங்க வேணும்னாலும், எப்ப வேணும்னாலும் அழுத்தினா நின்னுடும். மாமாவுக்குத் தெரியாம இருக்காதே” என்றார். நான் தட்டைக் கழுவப் போய்விட்டேன்.

தெரியாமல் இருக்காதுதானே?

ஜெய்னப்


கிழக்குத் தாம்பரம்
30 மார்ச் 2006

ஜெய்னப்,

தெரியும். வாங்கிய முதல் நாளே தெரியும். விளையாட்டோடு வந்த சின்னப் புத்தகத்தில் நான்காம் பக்கத்திலேயே போட்டிருக்கிறது.

மேலே உள்ள வரியை நான்கு முறை எழுதி அடித்தேன். புதுத் தாளில் எழுதினால் அடித்தது தெரியாது. ஆனால் பரீட்சைத்தாளில் பையன்கள் பக்கத்தைக் கிழித்தால் நான் ஒத்துக்கொண்டதில்லை. அதனால் இதே தாளையே அனுப்புகிறேன்.

பறக்கிற விமானத்தை நிறுத்த முடியாது என்று உன்னிடம் சொன்னது பொய். நிஜமான விமானிக்கு அப்படி ஒரு பொத்தான் கிடையாது, ஆகவே நானும் தொடமாட்டேன் என்று எனக்கு நானே ஒரு வீம்பு வைத்திருந்தேன். அந்த வீம்பை உன்னிடம் சட்டம் போலச் சொல்லிவிட்டேன். நீ மழையில் நின்ற நாளில் என் விரலுக்கும் அந்தப் பொத்தானுக்கும் இடையே ஒரு சாண் தூரம்கூட இல்லை.

அப்படியானால் தானாக நிற்கும் வசதியை மட்டும் ஏன் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டேன்? இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் ரயில்வே மைதானத்தைச் சுற்றினேன். ஜெயவேலு, “இன்னா சார், கணக்கு வாத்தியார் மாதிரி முணுமுணுத்துகினு வரீங்க?” என்று கேட்டார்.

எனக்குத் தோன்றியது இது. முப்பத்து நான்கு வருடம் மணி அடித்தால் எழுந்தேன், மணி அடித்தால் உட்கார்ந்தேன். இமயமலையைப் பாதி வரைந்திருக்கும்போது மணி அடித்தால், பாதி மலையோடு சாக்பீஸைக் கீழே வைத்தேன். எப்போது நிறுத்துவது என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. வீட்டிலும் சாப்பாட்டுக்கு நீ கூப்பிட்டாய், தூங்குவதற்கு நீ விளக்கை அணைத்தாய். ஓய்வு பெற்றதும் பள்ளிக்கூட மணி நின்றுபோனது. காதில் ஹெட்ஃபோன் மாட்டி உன் குரலையும் நானே நிறுத்திக்கொண்டேன். பிறகு ஒரு கட்டத்தில் டிக் போட்டதும் விமானம் தானாக நின்றபோது, அப்பாடா, மறுபடியும் யாரோ மணி அடிக்கிறார்கள் என்று நிம்மதியாக இருந்தது.

நானாக நிறுத்துவது என்பது நான் கற்காத பாடம். அறுபத்து மூன்று வயதில் அதை ஒப்புக்கொள்வது சுலபமாக இல்லை.

இன்று அந்த டிக்கை எடுத்துவிட்டேன். ஹெட்ஃபோனை அலமாரியில் வைத்துவிட்டேன். வாசல் மணிக்கு இன்வெர்ட்டரிலிருந்து ஒரு ஒயர் இழுத்திருக்கிறேன். ஜெயவேலு வேலை செய்தார், நான் ஸ்டூலைப் பிடித்தேன்.

அத்தாவுல்லா


மெல்போர்ன்
17 ஏப்ரல் 2006

மச்சானுக்கு,

அடித்த நான்கு வரியையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிட்டேன். முதல் வரியில், ‘சரியாக நினைவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டாவதில், ‘சாஜித் சொல்வது புதிய பதிப்பாக இருக்கலாம்’. ஐந்தாவது தடவைதான் உண்மைக்கு வந்திருக்கிறீர்கள். பரவாயில்லை. உங்கள் பையன்களில் பலர் ஐந்தாவது தடவையில்கூடப் பாஸாகவில்லை.

பொய் என்று தெரிந்ததும் இரண்டு நாள் மனம் சரியில்லை. ஒப்புக்கொண்டீர்கள் என்பதால் மூன்றாம் நாள் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

படிவத்தை ஃபரா ஃப்ரிட்ஜ் மேலே வைத்திருக்கிறாள். நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் குறி போட்டிருக்கிறாள். பால் எடுக்கும்போதெல்லாம் பார்க்கிறேன். நேற்று கேட்டாள், “அத்தா தனியா நல்லாத்தானே சமாளிக்கிறாங்க? அப்புறம் ஏம்மா யோசிக்கிறீங்க?” நீங்கள் சமாளிக்கிறீர்கள்தான். சமைக்கிறீர்கள், துவைக்கிறீர்கள், ஒயர்கூட இழுக்கிறீர்கள்.

அதனால் கேட்கிறேன். நான் இல்லாததால் அங்கே என்ன குறைகிறது? இட்லி, சட்னி என்று எழுத வேண்டாம். உதாரணம் சொல்லலாம், தடையில்லை. ஆனால் உண்மையான பதிலாக இருக்க வேண்டும். அதை வைத்துத்தான் கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்று முடிவு செய்யப்போகிறேன்.

ஜெய்னப்


கிழக்குத் தாம்பரம்
9 மே 2006

அன்புள்ள ஜெய்னப்,

உன் கேள்விக்குப் பதில் தெரியாமல் பத்து நாள் கடிதம் எழுதாமல் இருந்தேன். நேற்று முன்தினம், ஞாயிற்றுக்கிழமை, பதில் கிடைத்தது. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

காலையில் சுபுஹ் தொழுதுவிட்டு ஐந்தரைக்கு மீனம்பாக்கத்திலிருந்து விமானத்தைக் கிளப்பினேன். மெல்போர்னுக்கு. இடையில் எங்கும் இறங்காமல் பத்தரை மணி நேரம். உன் ஊர் வழியை ஒருமுறையாவது முழுக்கப் பார்க்க வேண்டும் என்று ஆசை. தானாக நிற்கும் டிக் இல்லை, ஹெட்ஃபோன் இல்லை. நிறுத்துவதானால் நான்தான் நிறுத்த வேண்டும் என்று சொல்லிக்கொண்டேன்.

பத்தரை மணி இருக்கும். வாசலில் “மீனே!” என்ற குரல், உடனே “ஐயோ!” என்று ஒரு சத்தம். எழுந்து ஓடினேன். கேபிளுக்காக நம் வாசலில் பள்ளம் தோண்டிப் பாதி மூடியிருக்கிறார்கள். அதில் அஞ்சம்மாள் கால் இடறி விழுந்திருந்தாள். மணிக்கட்டு வீங்கிக்கொண்டு வந்தது. மீன் மட்டும் ஒன்றுகூடச் சிந்தவில்லை. கூடையைக் காப்பாற்றத்தான் கையை ஊன்றியிருக்கிறாள்.

“ஆட்டோ கூப்பிடறேன், ஆஸ்பத்திரிக்குப் போகலாம் வா” என்றேன்.

“இரு சார். மொதல்ல மீன வித்துடணும்.”

“கை உடைஞ்சிருக்கும்மா.”

“ஒடஞ்சா ஒடஞ்சிட்டுப் போவுது. மீனு நாறிடும், கை நாறாது.”

எவ்வளவு சொல்லியும் அவள் நகரவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூடை, அப்படியே நிறைந்திருந்தது. வேறு வழியில்லாமல் கூடையை நான் தூக்கினேன். தலையில் வைக்கத் தைரியம் இல்லை. இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துக்கொண்டேன். அவள் கையை முந்தானையில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள். வலியில் அவளுக்குக் குரல் எழவில்லை.

“நீ கூவு சார்.”

“எனக்கு வராது.”

“கிளாசுல அந்தக் கத்து கத்துவியாமே? அத்த இங்க கத்து.”

கத்தினேன். “சங்கரா! நெத்திலி! வவ்வால்!” எனக்கே வருகைப் பதிவு எடுப்பது போல இருந்தது. மூன்றாவது தெருவில் ஒரு வீட்டுக் கதவு திறந்து அருண்ராஜ் வந்தான். எண்பத்தெட்டு பேட்ச், நைல் நதியை ஆஸ்திரேலியாவில் குறித்தவன், இப்போது வங்கி அதிகாரி. என்னையும் கூடையையும் மாறி மாறிப் பார்த்தான்.

“சார், நீங்களா? என்ன சார் இது, பென்ஷன் வரலையா?”

நான் வாயைத் திறக்கும் முன் அஞ்சம்மாள் சொன்னாள், “பென்ஷன்லாம் வருது. வூட்டுல அம்மா இல்ல, சாருக்குப் பொழுதுபோவல. நீ சங்கரா எடுத்துக்க கண்ணு, வாத்தியார் கை பட்ட மீனு.”

அவன் வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு கிலோ வாங்கினான். வாத்தியார் மீன் விற்கிறார் என்று தெருவில் செய்தி பரவியது. பார்க்க வந்தவர்கள் வாங்காமல் போக முடியவில்லை. ஒன்றரை மணிக்குக் கூடை காலி. பிறகுதான் ஆட்டோவில் ஏறினாள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே, மாவுக்கட்டு, மாத்திரைக்கு வரிசை. அவளைத் தனியாக விட மனமில்லாமல் கோவளம் பஸ் வரும்வரை கூட நின்று, ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்தபோது ஆறரை.

கேட்டைத் திறந்தேன். செருப்பைக் கழற்றும்போதே, “ஜெய்னப், இன்னிக்கு என்ன நடந்தது தெரியுமா?” என்று வாய் சொல்லிவிட்டது. வீட்டில் யாரும் இல்லை. ஜெயவேலுவிடம் ஃபோனில் சொல்லலாம். ஃபராவிடம் சொல்லலாம். ஆனால் மீன் வாசனையோடு கூடத்தில் நின்றுகொண்டு சொல்ல, ‘முதல்ல போய்க் குளிங்க, அப்புறம் கதை சொல்லலாம்’ என்று நீ கத்த, நான் குளிக்காமலேயே சொல்ல, அப்படிச் சொல்ல எனக்கு வேறு ஆளில்லை. அங்கே என்ன குறைகிறது என்று கேட்டாய். இதுதான் குறைகிறது. மற்றதெல்லாம் சமாளித்துவிடுகிறேன்.

விமானத்தைப் பிறகுதான் பார்த்தேன். நாலு மணிக்கு உன் தலைக்கு மேலே போயிருக்கும். இறக்கிவைக்க ஆளில்லாமல் மெல்போர்னைத் தாண்டி, எண்ணெய் தீரும்வரை தெற்கே போய்க் கடலில் விழுந்திருக்கிறது. திரையில் ஒரு வரிச் செய்தி இருந்தது. எனக்கு வருத்தமே வரவில்லை. பொத்தானை அழுத்த வேண்டும் என்றுகூட அந்த நேரம் தோன்றவில்லை. குரல் கேட்டது, எழுந்தேன்.

உன் முடிவு எதுவானாலும் எனக்குச் சம்மதம். ஃபராவுக்குச் சங்கடம் வரக்கூடாது.

அத்தாவுல்லா


மெல்போர்ன்
27 மே 2006

மச்சானுக்கு ஜெய்னப் ஸலாம்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் தூங்கிய குழந்தை எழுந்துவிட்டது. ஃபரா ஓடிவந்து, “அம்மா, என்ன ஆச்சு?” என்றாள். “உங்க அத்தா மீன் விக்கப் போயிருக்காங்க” என்றேன். அவள் நம்பவில்லை. கடிதத்தைக் கொடுத்தேன். படித்து முடித்ததும் முதலிலிருந்து இன்னொரு முறை படித்தாள். பிறகு ஃப்ரிட்ஜ் மேலிருந்து படிவத்தை அவளே எடுத்துக் குப்பையில் போட்டாள். “அம்மா, நான் குழந்தையை டே கேர்ல விடறேன். நீங்க போங்க” என்றாள். கொஞ்சம் அழுதாள். நானும்தான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எழுந்து வருவதற்கு விமானத்தைக் கடலில் போட வேண்டுமா? முந்நூறு பேரையும் தெற்கே அனுப்பிவிட்டு, வருத்தமே வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள்! P-யை அழுத்திவிட்டு எழுந்திருந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? ஒன்று, மணிக்கணக்கில் அசையமாட்டீர்கள். இல்லையென்றால், எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடுவீர்கள். நான் விமானத்தைக் கொல்லச் சொல்லவே இல்லை மச்சான். ‘இரு, வர்றேன்’ என்று ஒரு குரல்தான் கேட்டேன். அடுத்த முறை மெல்போர்ன் வழியில் நானும் பக்கத்தில் உட்காருகிறேன். இறக்கம் வரும்போது நீங்களே இறக்குங்கள்.

இப்போது என் பங்கு. இதை நான்கு தடவை அடிக்காமல் ஒரே தடவையில் எழுதிவிடுகிறேன்.

அன்று மழையில் நின்றபோது, என் கைப்பையில் சாவி இருந்தது.

கிரில் கேட் பூட்டுக்கு இரண்டு சாவி. ஒன்று உங்களிடம், ஒன்று எப்போதும் என் பையின் உள்ஜிப்பில். கையை உள்ளே விட்டுத் திறந்திருக்கலாம், அரை நிமிட வேலை. முதல் ஐந்து நிமிடம் உண்மையாகவே ஞாபகம் வரவில்லை. பிறகு ஞாபகம் வந்தது. எடுக்கவில்லை. என்னைக் காணோமே என்று நீங்கள் எவ்வளவு நேரம் கழித்துத் தேடுவீர்கள் என்று பார்க்க வேண்டும் போல இருந்தது. பத்து நிமிடம் ஆனபின் எடுக்க ரோஷம் விடவில்லை. அஞ்சம்மாள் வந்து கத்தியபின் எடுத்தால் அவள் என்ன நினைப்பாள் என்று வெட்கம். ஆறு மாதமாக நாற்பது நிமிடம், நாற்பது நிமிடம் என்று உங்களைக் குத்திக்கொண்டிருக்கிறேன். அதில் முப்பத்தைந்து நிமிடம் நானாக நின்றது.

உங்கள் பொய்யைப் பிடித்து இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேனே, அப்போதெல்லாம் அந்தப் பை அலமாரியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

ஜூன் இரண்டு, வெள்ளிக்கிழமை இங்கே புறப்படுகிறேன். மறுநாள் மத்தியானம் மீனம்பாக்கம். இதை ஃபோனில் சொல்லிவிடுவேன். சாவி விஷயத்தைச் சொல்லமாட்டேன். இந்தக் கடிதம் வருவதற்குள் நான் வந்திருப்பேன். தபால்காரர் இதைக் கொண்டுவரும்போது நான் சமையலறையில் இருப்பேன். நீங்கள் கூடத்திலேயே உட்கார்ந்து பிரித்துப் படியுங்கள். எழுந்து உள்ளே வர வேண்டாம். கோபம் வந்தால் அங்கிருந்தே திட்டுங்கள். சிரிப்பு வந்தால் கொஞ்சம் சத்தமாகச் சிரியுங்கள். அடுப்பைச் சின்னதாக வைத்துவிட்டு நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஜெய்னப்